மயிலாய் மடித்த கூறைப்புடவை

ஊக்கம் கொடுப்பதற்கு உரிமம் தேவையில்லை. ஓர் ஊராட்சி மன்றத்தின் உரிமப் பிரிவில் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியும். நாய் வளர்க்க உரிமம் உண்டு. கடைக்கு முன்னால் பெயர்ப்பலகை மாட்ட உரிமம் உண்டு. அந்தப் பலகையில் மலாய் எழுத்து மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று விதியும் உண்டு. ஆனால் ஒருவரைப் பார்த்து, "இவ்வளவு நல்லா செய்றீங்க, இதையே பிசினஸா போடலாமே" என்று சொல்வதை எந்தச் சட்டமும் கட்டுப்படுத்துவதில்லை.

அதன் விளைவுகளை நான் அலுவலக முகப்பின் உட்பக்கத்திலிருந்து வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். கேக் செய்கிறவர்கள், மீன்தொட்டி அலங்கரிக்கிறவர்கள், பழைய டயரை வெட்டிப் பூச்சட்டி ஆக்குகிறவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தோடு வந்து நிற்பார்கள். "எல்லாரும் சொல்றாங்க சார்." அந்த எல்லாரும் வாங்குவார்களா என்று கேட்பேன். அந்தக் கேள்வி படிவத்தில் கிடையாது. சேர்த்திருக்கலாம்.

பணி ஓய்வு பெற்றதும் மனைவி பங்கோர் தீவுக்குப் போக வேண்டும் என்றாள். படகு ஏறுமுன் லூமுட்டில் ஒரு விடுதியில் தங்கினோம். அறையைத் திறந்தால் கட்டிலின் மேல் துண்டால் செய்த இரண்டு அன்னங்கள் கழுத்தை வளைத்து முத்தமிட்டுக்கொண்டிருந்தன. எங்கள் வயதைப் பார்த்திருந்தால் ஒன்றையே வைத்திருப்பார்கள். மனைவி குளிக்கத் துண்டு கேட்டாள். ஓர் அன்னத்தை உதறிக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான், இந்தக் கழுத்து எப்படி நிமிர்ந்து நின்றது என்று தோன்றியது. இன்னொன்றை மெதுவாகப் பிரித்துப் பார்த்தேன். திரும்ப மடிக்க வரவில்லை. அன்று மாலை அவள் தனியாகக் கடலைப் பார்த்துவிட்டு வந்தாள். நான் தரையில் உட்கார்ந்து துண்டோடு வாதாடிக்கொண்டிருந்தேன். மறுநாள் நாங்கள் போக வேண்டிய படகு போய்விட்டது, அன்னம் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் துண்டுகள் போதவில்லை. துண்டு தடிமனானது, வளைந்து கொடுக்காது. புடவை அப்படி இல்லை. நீளம் இருக்கிறது, கரை இருக்கிறது, முந்தானை என்று பறவையின் வாலுக்காகவே நெய்தது போன்ற ஒரு பகுதி இருக்கிறது. மனைவியின் புடவைகளில் கிளி, வாத்து, புறா என்று ஆரம்பித்தேன். ஒரு நாள் கோயிலுக்குப் போக அலமாரியைத் திறந்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"கட்டிக்க ஒரு புடவை இல்ல. தொறந்தா எல்லாம் பறவையா உக்காந்திருக்கு."

அவள் தம்பிக்கு இது பெரிய சிரிப்பு. "மச்சான், ரிட்டையர் ஆனா ஆளுங்க மீன் புடிக்கப் போவாங்க லா. நீங்க என்னடான்னா அக்கா பொடவைய புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க." அவன் அப்படிச் சொன்னது சில மாதங்களுக்குத்தான். மகனுக்குப் பெண் பார்த்து முடித்ததும் அதே வாயால், "மச்சான், பரிசத் தட்டு ஒரு ஒம்பது செஞ்சு குடுங்களேன்" என்றான்.

பரிசம் என்றால் இங்கே தட்டுகள்தாம். மாப்பிள்ளை வீட்டார் புடவை, பழம், பலகாரம், சாக்லேட், வாசனைத் திரவியம் எல்லாவற்றையும் தட்டுத் தட்டாக அலங்கரித்து ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். பெண் வீட்டார் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு தட்டு கூடுதலாக வைப்பார்கள். இது பக்கத்து வீட்டு மலாய்க்காரர்களின் கல்யாணத்தைப் பார்த்து வந்த பழக்கம். கேட்டால், ஆதிகாலத்துத் தமிழர் மரபு என்று சத்தியம் செய்வார்கள். மரபுக்குப் பதிவுத் தேதி கிடையாது என்பதால் நான் வாதாடுவதில்லை.

அந்தப் பரிசத்துக்கு ஒரு பட்டுப்புடவையை மயிலாக மடித்தேன். உடல் கொசுவத்தில், கழுத்து சுருட்டலில், முந்தானை முழுவதும் தோகை. காம்பாரில் பெண் வீட்டு வாசலில் தட்டை இறக்கியதும் ஒரு நிமிடம் மேளம்கூட நின்றது. பிறகு எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள்.

"யாரு செஞ்சது? நீங்களா! ஆம்பளையா!"

"இது கடையில குடுத்தாகூட இப்படி வராது அங்கிள்."

"பிசினஸ் போடுங்க. நாங்க எல்லாம் ஒங்ககிட்டயே வாரோம்."

முகப்பின் வெளிப்பக்கத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் நன்றாகவே இருந்தது. அந்த மயில் பெண் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் பல வாரம் நின்றதாகக் கேள்விப்பட்டேன். இப்போதெல்லாம் பெண்கள் பரிசத்துக்கு ஏற்கெனவே ஒப்பனை முடித்து, விருப்பப்பட்ட உடையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். தட்டில் வரும் புடவை தட்டிலேயே இருக்கும். பின்னால் நடந்ததற்கு இது முக்கியம்.

ஈப்போவின் சிலிபினில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். என்னை அண்ணன் என்றும் என் மனைவியை அண்ணி என்றும் கூப்பிடுவாள். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. கையுறை ஆலை ஒன்றில் வேலை பார்த்து மகளைக் காம்பாரில் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருந்தாள். திடீரென்று அந்த ஆலை மூடப்பட்டது. வேறு ஆலைகளில் அவள் வயதைக் கேட்டுவிட்டு, கூப்பிடுகிறோம் என்றார்கள். நான் அறிந்தவரை, கூப்பிடுகிறோம் என்பது ஒரு முடிவு. மகள், படிப்பை நிறுத்திவிட்டு ஈப்போவில் ஒரு பேரங்காடியில் வேலைக்குச் சேரப் போகிறேன் என்று நின்றாள். தீபாவளி வரைக்கும் பொறு, அதற்குள் ஏதாவது செய்கிறேன் என்று தாய் அவளை நிறுத்தி வைத்திருந்தாள். இதைத் தெரு முழுக்கத் தெரிந்துகொள்ளும்படி அவர்கள் வாசலில் நின்றுதான் வாதாடினார்கள்.

ஒரு நாள் காலையில் எங்கள் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, நீங்க மடிங்க. தட்டு, பூ, ரிப்பன், தேங்கா, ஆள் புடிக்கிறது, கொண்டுபோய் எறக்குறது எல்லாம் நானு. என்ன சொல்றீங்க?"

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வணிகப் பதிவு. குடியிருப்பு வீட்டில் தொழில் நடத்த அனுமதி. பலகை வைத்தால் பலகைக்கு ஒன்று, பலகையின் மொழிக்கு ஒன்று. உணவுப் பொருள் தட்டில் வைத்தால் அதற்குத் தடுப்பூசி முதல் பயிற்சிச் சான்றிதழ் வரை. அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, நீங்க சொல்றத கேட்டா சாகுறதுக்கே ரெண்டு ஃபாரம் வேணும் போல இருக்கு."

"மூணு" என்றேன்.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஒத்துக்குங்க லா. சும்மா வுட்டா இந்த மனுசன் என்னையும் மடிச்சு அலமாரியில வச்சிடுவாரு."

நான் பெற்ற ஊக்கங்களில் இதுவே நேர்மையானது. ஒப்புக்கொண்டேன். மயில் மடிக்கும் ஆசையில்தான் ஒப்புக்கொண்டேன் என்று மனைவி சொல்கிறாள். பாதி அதுதான். மீதிப் பாதி எதிர்வீட்டு வாசலில் நடந்த வாதம். தொழிலை முறைப்படி அவள் பெயரில் பதிவு செய்ய வைத்தேன்.

அவளுக்குக் கைவேலை நன்றாகவே வந்தது. இரண்டு தேங்காய்களுக்குப் பட்டுத்துணி சுற்றி, ஒன்றுக்கு மூக்குத்தியும் மற்றதற்கு மீசையும் வைத்து மணமக்களாக்குவாள். மாப்பிள்ளை கண்ணாடி போட்டவர் என்றால் தேங்காய்க்கும் கம்பியில் ஒரு கண்ணாடி. ஒரு மாப்பிள்ளைக்கு முன்வழுக்கை, அதையும் விட்டுவைக்கவில்லை. அந்தத் தேங்காயை மட்டும் திருப்பி அனுப்பினார்கள்.

ஆனால் ஆள் பிடிப்பது வேறு விஷயம். பிசினஸ் போடுங்கள் என்று சொன்னவர்களுக்கெல்லாம் அவள் வாட்ஸ்அப் புலனத்தில் படம் அனுப்பினாள். பதிலுக்குக் கைகூப்பும் படமும் கைதட்டும் படமும் வந்தன. நேரில் பார்த்தால், "நம்ம அண்ணன் செய்றது, நமக்குள்ள என்ன" என்று ஆரம்பித்தார்கள். அந்த வாக்கியத்தின் முடிவு எல்லாருக்கும் தெரியும். காம்பார் வாசலில் வியந்தவர்களில் ஒருவர்கூட வாடிக்கையாளராகவில்லை. முன்பின் தெரியாதவர்கள் ஓரிருவர் வந்தார்கள். பரிசத் தட்டுகள் மட்டும் செய்தோம். என் மயில்கள் போன வீடுகளிலெல்லாம் கண்ணாடி அலமாரிகளில் குடியேறின. தீபாவளி நெருங்கியது. மகள் பேரங்காடிக்குப் போய் நேர்காணல் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள் என்று எதிர்வீட்டிலிருந்து சத்தமில்லாமலே எங்களுக்குத் தெரிந்தது. அவர்கள் வாசலில் நின்று பேசுவதை நிறுத்தியிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஈப்போவில் ஒரு கல்யாண மண்டபத்தை நிர்வகிக்கும் அம்மையார் ஒருவர் வந்தார். தம்பிக்குக் கல்யாணம். எங்கள் கூடத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அலமாரியில் இருந்த என் மயிலைப் பரிசோதகர் போலப் பார்த்தார்.

"கூறைப்புடவைய இதே மாரி செய்யணும். தோகைய விரிச்சி. கோயில்ல எல்லார் கையிலயும் போகும், தொட்டுக் கும்புடுவாங்க. கலையக்கூடாது."

"கலையாதுக்கா" என்றாள் எங்கள் எதிர்வீட்டுத் தங்கச்சி.

"நல்லா வந்தா என் மண்டபத்துக்கு வர்ற ஆளுங்கள எல்லாம் ஒங்கிட்டயே அனுப்புறேன். வரலைன்னு வையி, அதையும் சொல்லுவேன்."

அவர் போனதும் தங்கச்சி அந்த நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டாள். பிறகு, "அண்ணே, இது கலையாம நின்னுச்சின்னா மக திரும்பவும் படிக்க காம்பாருக்குப் போயிடுவா" என்றாள். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

கல்யாணம் பெண் வீட்டாரின் பழைய தோட்டத்துக் கோயிலில், சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே. ரப்பர்ப் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் லய வீடுகளை இடித்து, ஆட்களெல்லாம் டவுனுக்குப் பக்கத்தில் வீடு வாங்கிப் போய்விட்ட தோட்டம். கோயில் மட்டும் நிற்கிறது. குலதெய்வம் என்பதால் கல்யாணத்துக்குத் திரும்பி வருவார்கள். நான் வேறொரு தோட்டத்தில் அதுபோன்ற லயத்தில் பிறந்தவன். கூரை எங்கெங்கே ஒழுகும் என்று நினைவிருப்பதால், இடித்ததைப் பற்றி எனக்குக் குறை இல்லை. சாலையைப் பற்றித்தான் கவலை. செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் உழுத செம்மண் சாலை. மயில் அதில் குலுங்கிப் போய்ச் சேர வேண்டும். பிறகு ஊர்க்காரர்களின் கைகளில் சுற்ற வேண்டும்.

ஆகவே மயிலைப் பலப்படுத்தினேன். ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் வெளியே தெரியாமல் குண்டூசி. கழுத்துக்குள் ஒரு கம்பி. தோகையின் கண்களைக் குத்தி நிறுத்த இன்னும் குண்டூசிகள். அடியில் மீன்பிடிக்கும் நைலான் நூலால் புடவையைத் தட்டின் துளைகளோடு சேர்த்து முடிச்சுப் போட்டேன். அந்த முடிச்சு இழுக்க இழுக்க இறுகும் வகை. மீனவர்கள் அதைக் காரணத்தோடுதான் போடுகிறார்கள். முடித்ததும் தட்டைக் காரின் பின்னிருக்கையில் வைத்து, சிலிபினில் இருக்கும் வேகத்தடைகளில் எல்லாம் வேண்டுமென்றே வேகமாக ஏறி இறங்கினேன். ஓர் இறகு அசையவில்லை. மனைவி மட்டும், "மயிலு நல்லாருக்கு, என் இடுப்புதான் போச்சு" என்றாள்.

கல்யாணத்தன்று எல்லாம் முறைப்படி நடந்தது. மயில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. தேங்காய் மாப்பிள்ளையைப் பார்த்து நிஜ மாப்பிள்ளை சிரித்தார். கூறைத் தட்டும் தாலித் தட்டும் பந்தலில் வரிசை வரிசையாகப் போயின. தாலியைத் தொட்டுக் கும்பிட்டவர்கள் மயிலைத் தொட்டுவிட்டுக் கைப்பேசியை எடுத்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா, அந்த மண்டபத்து அம்மையார், தூரத்திலிருந்து தங்கச்சியைப் பார்த்து ஒரு முறை தலையசைத்தார். தங்கச்சி அப்போதுதான் மூச்சு விட்டாள். குருக்கள் கூறையை மந்திரம் சொல்லிப் பெண்ணின் கையில் கொடுத்தார். பெண் அதை வாங்கிக்கொண்டு, உடை மாற்றக் கோயிலை ஒட்டிய அறைக்குப் போனாள். ஒரு காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகை அது. இப்போது கோயில் சாமான்கள் வைக்கும் இடம். மாப்பிள்ளையின் அக்காவும் பெண்கள் சிலரும் கூடவே போனார்கள். நான் ஆண்கள் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தேன். என்னைப் பொறுத்தவரை கோப்பு மூடப்பட்டது.

கொஞ்ச நேரத்தில் மனைவி வந்து என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரிங்க. ஒங்க மயிலு அவுக்க வரலியாம்."

கூறை என்பது அங்கேயே, அந்த முகூர்த்தத்துக்குள்ளேயே, உடுத்திக்கொண்டு வந்து தாலி வாங்கிக்கொள்ள வேண்டிய புடவை. எனக்கு இது தெரியாததல்ல. என் மனைவியும் அப்படித்தான் உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். ஆனால் ஆண்கள் அதைப் பார்ப்பதில்லை. பெண் ஒரு புடவையில் போவாள், இன்னொரு புடவையில் வருவாள், நடுவில் நாங்கள் பாக்குப் போட்டுக்கொண்டிருப்போம். உத்தியோகத்தில் இருந்த நாளெல்லாம், கடையில் தீப்பிடித்தால் ஆள் வெளியேற வழி எங்கே என்று கேட்டுக்கேட்டு உரிமம் கொடுத்தவன், மயிலுக்குள்ளிருந்து புடவை வெளியேறும் வழியை யோசிக்கவில்லை.

அறைக்கதவு சாத்தியிருந்தது. நான் உள்ளே போக முடியாது. கதவோரம் நின்று குரல் கொடுத்தேன்.

"அண்ணே!" உள்ளிருந்து தங்கச்சி. "முந்தானை எங்க இருக்கு?"

"வால்ல."

"வாலு பூரா ஊசி!"

"கொண்டையில ஆரம்பி. கழுத்த இடப்பக்கம் சாய்ச்சா கம்பி தெரியும். கம்பிய உருவிட்டு..."

"வெளிய யாரு ஆம்பள கொரலு?" என்று மாப்பிள்ளையின் அக்கா அதட்டினார்.

"தட்டு செஞ்சவருக்கா. அவருக்குத்தான் வழி தெரியும்."

"கூறைக்கு வழி காட்ட ஆளு வேணுமா? எங்க காலத்துல தட்டுல வச்சோம், எடுத்தோம், கட்டுனோம். மயிலாம் மயிலு."

மயில் கேட்டவர் அவர்தான் என்பதை அந்த நேரத்தில் சுட்டிக்காட்டுவது உசிதமில்லை. பந்தலிலிருந்து குருக்களின் குரல் வந்தது: "பொண்ண கூட்டிட்டு வாங்க, நேரம் ஆவுது." நாதஸ்வரக்காரர் ஒரே ராகத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தார்.

"எத்தன ஊசிண்ணே மொத்தம்?"

எனக்குத் தெரியவில்லை. கோப்பில் பக்க எண் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புகிறவன் நான். "வர்ற வரைக்கும் எடு" என்றேன்.

"அங்கிள்!" இது மணப்பெண். "சீக்கிரம் லா. இல்லன்னா நான் இந்த மயில அப்படியே இடுப்புல கட்டிக்கிட்டு வந்துடுவேன்."

"அலாமாக், தட்டோட ஒட்டிக்கிட்டிருக்கு அண்ணே! இழுக்க இழுக்க இறுகுது!"

"இழுக்காத! அது நைலான். வெட்டணும்."

கதவு கையகலம் திறந்து, தங்கச்சியின் கை வெளியே வந்தது. கத்தரிக்கோல் எங்கே இருக்கும்? நான் கோயில் படியில் கிடந்த, தேங்காய் உடைக்கும் வெட்டுக்கத்தியை எடுத்துக் கொடுத்தேன். அது உள்ளே போனதும் பெண்கள் கூட்டத்தில் ஓர் அலறல்.

"கூறையில கத்தி வைக்கிறியாடி!"

"பொடவையில இல்லக்கா, தட்டுக்கு அடியில. கொஞ்சம் தள்ளுங்க. தள்ளுங்கக்கா!"

தட்டைக் கவிழ்க்கும் சத்தமும், கத்தி பிளாஸ்டிக்கில் அறுக்கும் சத்தமும் கேட்டன. அப்புறம் பட்டு விரியும் சத்தம். சுருட்டி வைத்த பாயை உதறினாற்போல. குண்டூசிகள் சிமெண்டுத் தரையில் உதிர்ந்தன. என் வேலை அத்தோடு முடிந்தது. உள்ளே தங்கச்சியின் குரல் மட்டும் மாறியிருந்தது. "நேரா நில்லு. கைய தூக்கு. மூச்ச இழு. வுடாத." அவள் என்னிடம் ஒருபோதும் அந்தக் குரலில் பேசியதில்லை. நாதஸ்வரக்காரர் அடுத்த ராகத்துக்குப் போவதற்குள் கதவு திறந்தது. பெண் கூறையில் வெளியே வந்தாள். கொசுவம் ஒழுங்காக விழுந்திருந்தது. முந்தானை நின்றது. புடவையின் மடிப்புக்கோடுகளைப் பார்த்தவர்கள், புது மோஸ்தர் என்று நினைத்திருக்கலாம்.

முகூர்த்தம் தவறவில்லை. பெண் மணையில் உட்கார்ந்ததும் முகத்தைச் சுளித்தாள், கண்ணில் நீர் திரண்டது. "பொறந்த வீட்ட நெனச்சு அழுவுது பாரு, நல்ல பொண்ணு" என்று ஓர் அம்மாள் பக்கத்தில் சொன்னார். எனக்குக் காரணம் தெரியும். ஓர் ஊசி மிச்சமிருந்தது. மாப்பிள்ளையின் அக்கா மூன்றாவது முடிச்சைப் போட்டுவிட்டு, பெண்ணின் இடுப்பருகே ஏதோ தேடி, யாருக்கும் தெரியாமல் எடுத்துத் தன் முந்தானையில் குத்திக்கொண்டதையும் பார்த்தேன்.

பந்தியில் எங்களுக்கும் இலை போட்டார்கள். தங்கச்சி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போச்சுண்ணே" என்றாள். "அந்தம்மா மண்டபம் பூரா சொல்லும்." நான் மறுக்கவில்லை. சொல்வேன் என்று அவர் முன்கூட்டியே எழுத்தில்லாமல் அறிவித்திருந்தார். எனக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை. மேல்முறையீட்டு வழிகள் மட்டும்தான் தெரியும். இதற்கு ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளையின் அக்கா பாயச வாளியைச் சுற்றிக்கொண்டு நேராக எங்களிடம் வந்தார். தங்கச்சி எழுந்து நின்றாள்.

"மயிலு வேண்டாம்டி" என்றார். "இனிமே யாருக்கும் கூறையில மயிலு செய்யாத."

"செய்ய மாட்டேங்கா."

"அது கெடக்குது. பொண்ணுக்கு கட்டி வுட்டியே, அத எங்க கத்துக்கிட்ட?"

தங்கச்சிக்குக் கேள்வி புரியவில்லை. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஆலையில் வருடா வருடம் தீபாவளி விருந்து வைப்பார்கள். இளம் பெண்கள் வீட்டிலிருந்து புடவையைப் பையில் கொண்டு வந்துவிடுவார்கள், கட்டத் தெரியாது. சீனப் பெண்களும் மலாய்ப் பெண்களும்கூட ஆசைப்பட்டுக் கேட்பார்கள். வேலை நேரத்துக்கும் விருந்துக்கும் நடுவில், கழிவறைக் கண்ணாடிக்கு முன்னால் வரிசையாக நிறுத்திக் கட்டி விடுவாள். சும்மா, ஆசைக்கு.

"சும்மாவா?" என்றார் அந்த அம்மையார். "நான் வச்சிருக்கிற ஒப்பனைக்காரி ஒரு புடவை கட்ட ஒரு மணி நேரம் எடுத்துக்கிறா, அப்பவும் பொண்ணு நடந்தா அவுந்துடுது. பதினேழாந்தேதி மண்டபத்துல ஒரு கல்யாணம் இருக்கு. காலையில வந்துடு. பொண்ணுக்கும், கூட ரெண்டு தோழிக்கும். வருவியா, மாட்டியா?"

"வாரேங்கா."

"ஊசி குறைச்சலா குத்து" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

என் வாழ்நாளில் எத்தனையோ பேர் எத்தனையோ பேரை ஊக்கப்படுத்தியதைப் பார்த்திருக்கிறேன். அன்றுதான் தேதி போட்ட ஊக்கத்தைப் பார்த்தேன். அதில் ஒரு பாராட்டுச் சொல்கூடக் கிடையாது. மயிலைப் பார்த்துக் கைதட்டிய யாரும், அவள் எத்தனையோ வருடமாகக் கழிவறைக் கண்ணாடிக்கு முன்னால் செய்துகொண்டிருந்ததைப் பார்த்து, இதையே தொழிலாகச் செய்யலாமே என்று சொன்னதில்லை. நான் உள்பட. அவளும் அதை ஒரு வேலையாக நினைத்ததில்லை. எங்கள் தொழிலுக்கு வேண்டியது எதிர்வீட்டில்தான் இருந்தது; ஊக்கம் தவறான முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

வரும் வழியில் காரில் அவள் ஒன்று மட்டும் கேட்டாள். "அண்ணே, இதுக்கு என்னென்ன ஃபாரம்?"

வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்குப் போய்ச் செய்யும் வேலைக்குக் கடை இடம் வேண்டியதில்லை, ஆகவே பலகை இல்லை, பலகையின் மொழியும் இல்லை. ஏற்கெனவே செய்த பதிவில் தொழிலின் வகையை மாற்றி எழுதினால் போதும் என்றேன். சட்டம் இவ்வளவு எளிமையாக இருந்ததில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பதினேழாம் தேதிக்குப் பிறகு இன்னொரு தேதி வந்தது. அதற்குப் பிறகு ஒரே காலையில் இரண்டு. தட்டுகள் இன்னும் செய்கிறோம், ஆனால் கேட்பவர்களிடம் அவள், "கட்டி விடுறது வேணுமா, தட்டு வேணுமா?" என்று கேட்கும் வரிசையே மாறிவிட்டது. எனக்கு இப்போது கைக்குட்டையும் துண்டும்தான் தருகிறாள். பட்டு கிடையாது. மடித்து முடித்ததும் ஒருமுறை அவிழ்த்துக் காட்டச் சொல்கிறாள். மனைவியின் அலமாரியில் மறுபடி புடவைகள் புடவைகளாக இருக்கின்றன.

தீபாவளி விடுமுறை முடிந்து மகள் காம்பாருக்குத் திரும்பும் நாளில் தாய்க்கு வீட்டில் நிற்க நேரமில்லை. சித்தியவானில் ஒரு கல்யாணம், விடியுமுன் போய்விட்டாள். பெண்ணைக் கொண்டுபோய் விடும் பொறுப்பு என்னிடம் வந்தது. பையைப் பின்னிருக்கையில் போட்டுவிட்டு முன்னால் ஏறிக்கொண்டாள். கோப்பெங் தாண்டும் வரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திடீரென்று கேட்டாள்.

"அங்கிள், அந்த மால்லேர்ந்து இன்னும் மெசேஜ் பண்றாங்க. வேல காலியா இருக்காம். என்ன சொல்றது?"

"எழுத்துல மறுத்துடு" என்றேன். "வாயால சொன்னா திரும்பக் கேப்பாங்க."

அவள் சிரித்துக்கொண்டே ஏதோ தட்டினாள். அனுப்பினாளா என்று நான் கேட்கவில்லை. பல்கலைக்கழக விடுதி வாசலில் இறங்கியதும், பையை நான் எடுக்குமுன் அவளே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வகுப்புக்கு நேரமாகியிருந்தது. படிகளில் ஓடிப் போனாள்.